பானு என்னும் பெயருக்குப் பொருள் காணும் முறை

கும்பகோணத்துப் பானுமதியையும் நாகூர் மெகர்பானுவையும் வீட்டில் பானு என்றே அழைப்பார்கள். தமிழ் எழுத்தில் வேறுபாடு தெரியாததால், குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களும் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களும் இரண்டுக்கும் ‘சூரியன்’ என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். அது பானுமதிக்கே பொருந்தும்.

முதலில் முழுப்பெயரைக் கேட்டறியுங்கள். பானுமதி, பானுரேகா என முன்னால் நிற்கும் பானு, சூரியனைக் குறிக்கும் வடசொல். பூஜையின் தொடக்கத்தில் நாளும் நோக்கமும் சொல்லும் சங்கல்பத்தில் ஞாயிற்றுக்கிழமையைப் பானு வாசரம் என்பதும் அதனால்தான். நூர்பானு, குல்பானு என முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களில் பின்னால் நிற்பது பாரசீகப் பானு. (மெகர்பானு என்ற பெயரிலும் சூரியன் உண்டு, ஆனால் அது ‘மெகர்’ என்ற முற்பகுதியில் இருக்கிறது.) பெயர் வெறும் பானு என்றே இருந்தால், நிக்காஹ் பதிவேட்டிலோ அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய அரபுத்தமிழ்க் கையெழுத்திலோ தேடுங்கள். அரபு எழுத்தில் பே, அலிஃப், நூன், வாவ் என்ற நான்கு எழுத்துகளே இருந்தால் அது பாரசீகச் சொல். வடசொல்லை உருதுவில் எழுதும்போது பேயை அடுத்து ஒரு ஹே சேரும்.

அடுத்து வரலாற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரசீகத்தில் பானு என்றால் பெருமாட்டி, இல்லத்தலைவி. பாரசீகத்தை ஆண்ட சாசானிய மரபின் மன்னர் நர்சே 3ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய ஈராக்கில் உள்ள பைக்குலியில் பொறித்த கல்வெட்டு, அனாஹித் என்னும் தெய்வத்தைப் பெருமாட்டி என்று இச்சொல்லின் பழைய வடிவத்தாலேயே குறிக்கிறது. அனாஹித் நீருக்குரிய தெய்வம் என்பது, ஆடிப்பெருக்கன்று ஆற்றையே தாயாக வணங்கும் டெல்டாக்காரர்களுக்கு வியப்பாக இராது. இமாம் ஹுசைனின் மனைவியும், கடைசிச் சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தெகர்தின் மகளுமாக மரபு சொல்லும் பெண்ணின் பெயர் ஷஹர்பானு. பின்னர் முகலாய அரண்மனையில் அக்பரின் தாய் ஹமீதா பானு (1527–1604), மும்தாஜ் மகல் என்று அறியப்பட்ட அர்ஜுமந்த் பானு (1593–1631) ஆகியோரின் பெயர்களில் இச்சொல் நிலைபெற்றது. ஆர்க்காட்டு நவாபுகளின் அரசவையிலும் பாரசீகமே வழங்கியது.

பொருளை எழுதும்போது, பெயர்ப் பட்டியல்கள் தரும் ‘இளவரசி’ என்பதை நான் ஏற்பதில்லை. அது வயதையும் பிறப்பையும் சுட்டுகிறது, பானுவோ மதிப்பைச் சுட்டும் சொல். ஷஹர் என்பது இன்று நகரம், முற்காலத்தில் நாடு. ஆகவே ஷஹர்பானு என்பதற்கு ‘நாட்டின் பெருமாட்டி’ என்று எழுதுங்கள்.