கம்பி வேலி: இழுப்பானை மூலைக்காலில் கட்டும்போது செய்யும் தவறுகள்

புதிதாகப் போட்ட கம்பி வேலியை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். போட்ட அன்று வீணைத் தந்தி போல் விண்ணென்று நின்ற முள்கம்பி தொங்கிக் கிடக்கும். இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் நடுவே ஆடு தலையை நுழைத்து உள்ளே போய்விடும். தோட்டக்காரர் கம்பி விற்றவரைத் திட்டுவார். நான் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால் கம்பியைத் தொடுவதற்கு முன் மூலைக்காலில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் கால் வேலிப் பக்கமாக இரண்டு மூன்று விரற்கடை சாய்ந்திருக்கும். கம்பியில் ஒரு குறையும் இருக்காது.

இரண்டு விரற்கடைச் சாய்வு இவ்வளவு தொய்வைத் தருமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 மி.மீ. கம்பி இரண்டை முறுக்கிச் செய்த முள்கம்பி, நீளம் 100 மீட்டர். அதில் 100 கிலோ எடைக்குச் சமமான இழுவை ஏற்றினால், எஃகின் இயல்புப்படி அது நீள்வது சுமார் 5 செ.மீ. மட்டுமே. முறுக்குக் கம்பி என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நாள் முழுக்க வியர்வை சிந்தி நாம் கம்பிக்குள் ஏற்றிவைத்த விறைப்பு முழுவதும் இந்த 5 செ.மீ. நீட்சிக்குள் அடங்கியிருக்கிறது. மூலைக்கால் அந்த அளவு முன்னால் வந்துவிட்டால் அத்தனையும் போய்விடும்.

கிளுவை மரத்தை வரிசையாக நட்டு வளர்க்கும் உயிர்வேலிக்கு இந்தக் கவலை கிடையாது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், ஒவ்வொரு கிளுவையும் தன் இடத்தில் தானே வேரூன்றி நிற்கிறது. ஒன்று பட்டுப்போனாலும் பக்கத்தில் இருப்பது சாயாது. கம்பி வேலியில் அப்படியில்லை. நடுவில் நிற்கும் கால்கள் கம்பியை உயரத்தில் ஏந்திப் பிடிக்கின்றன. இழுவை முழுவதையும் தாங்குவது இரண்டு ஓரத்துக் கால்கள். அதனால்தான் கம்பியை இழுத்து விறைப்பாக்கும் கருவியான இழுப்பானை அந்தக் காலில் எப்படிக் கட்டுகிறோம் என்பது வேலியின் ஆயுளையே தீர்மானிக்கிறது.

இழுப்பானைக் காலோடு சேர்த்துப் பிடிக்கும் கருவிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். இங்கே தூண்பிடி என்றே எழுதுகிறேன். அமைப்பு எளிது. காலின் பின்புறம் அணைந்து நிற்க வளைத்த இரும்புத் தகடு ஒன்று. அதன் இரு ஓரத்திலிருந்தும் சங்கிலி கிளம்பிக் காலின் இரு பக்கமாக வந்து முன்னால் ஒரு வளையத்தில் சேரும். ராட்செட் இழுப்பானின், அதாவது கைப்பிடியை அசைக்க அசைக்கப் பல் பல்லாக ஏறிப் பின்வாங்காமல் நிற்கும் இழுப்பானின், கொக்கி அந்த வளையத்தில் மாட்டும். இழுக்க இழுக்கச் சங்கிலி காலை இறுக்கிக்கொள்ளும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். மரக்காலுக்கு என்றால் தகட்டின் உட்புறம் பல் வைக்கலாம், மரத்தைக் கவ்விக்கொள்ளும். கல்காலுக்கும் சிமெண்ட் காலுக்கும் பல் உதவாது, வழுக்கும். பழைய டயரில் ஒரு பட்டை வெட்டித் தகட்டுக்கும் கல்லுக்கும் இடையில் வைத்தால் வழுக்காமல் நிற்கும்.

கயிறும் மாட்டுச் சங்கிலியும்

தூண்பிடி இல்லாத இடத்தில் முதலில் கைக்கு வருவது நைலான் கயிறு. நைலான் நன்றாக நீளும். பத்துப் பல் ராட்செட் ஏற்றினால் அதில் பாதியைக் கயிறே விழுங்கிவிடும். விழுங்கிய விசை எங்கும் போவதில்லை, கயிற்றுக்குள்ளேயே காத்திருக்கும். முடிச்சு அவிழ்ந்தாலோ கயிறு அறுந்தாலோ இழுப்பானின் இரும்புக் கொக்கி கவண்கல் போலப் பறக்கும். கட்டுக்கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி அதில் கொக்கியை மாட்டுகிறவர்களும் உண்டு. நான்கு சுற்றும் ஒரே சீராகச் சுமையைப் பகிர்ந்துகொள்ளாது. எது குட்டையாக இருக்கிறதோ அது முதலில் அறும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது.

அடுத்தது மாட்டுச் சங்கிலி. கட்டுத்தறியில் இருப்பதை அவிழ்த்து எடுத்து வருவார்கள். பார்க்கப் பலமாகத்தான் இருக்கும். ஒரு கண்ணியை விரலால் திருப்பிப் பாருங்கள். பல சங்கிலிகளில் கண்ணியின் இரு முனையும் பற்றவைக்கப்படாமல் வெறுமனே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். மாடு இழுக்கும் இழுவைக்கு அது போதும். ராட்செட்டின் கைப்பிடி பெருக்கிக் கொடுக்கும் இழுவைக்குப் போதாது. எங்கள் தோட்டத்தின் வடக்கு வரப்பில் நான்காவது வரிசையை இழுத்துக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு கண்ணி வாய் திறந்தது. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. இழுப்பான் எதிரே இருந்த நடுக்காலில் மோதி, கல்லில் கட்டைவிரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து விழுந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்தவர் பக்கவாட்டில் நின்றிருந்ததால் தப்பினார். அந்தக் கண்ணியை இன்றும் எடுத்து வைத்திருக்கிறேன். முழு வளையமாக இருந்தது, அரிவாள் போல விரிந்து கிடக்கிறது.

பாரம் தூக்குவதற்கென்று விற்கும், பற்றவைத்த கண்ணிச் சங்கிலியை மட்டும் பயன்படுத்துங்கள். கொக்கியின் வாய் சற்றே அகன்றிருந்தாலும் அது ஏற்கெனவே தன் அளவைத் தாண்டி இழுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி மாட்ட வேண்டாம்.

முட்டுக்கால் எந்தப் பக்கம்

இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாகவும் இருக்கிறது, ஏனென்றால் செலவு ஒன்றுதான், பக்கம் மட்டும் மாறிப்போகிறது.

கம்பி மூலைக்காலை வேலியின் பக்கமாக இழுக்கிறது. ஆகவே முட்டுக்கால் கம்பிக்குக் கீழே, அதே வரிசையில், வேலிப் பக்கம் நிற்க வேண்டும். அப்போதுதான் சாய வரும் காலை அது நெஞ்சில் கை வைத்துத் தடுப்பது போலத் தடுக்கும். பலர் அதை வெளிப்பக்கம், அதாவது காலின் முதுகில் சாய்த்து வைக்கிறார்கள். கால் முன்னால் போனால் முதுகில் சாய்ந்திருக்கும் கல் என்ன செய்யும்? அது பிடித்து இழுக்காது, சும்மா நிற்கும். மூலையில் இரண்டு வரிசை சேர்வதால், வரிசைக்கு ஒன்றாக இரண்டு முட்டுக்கால் வேண்டும். முட்டின் அடியில் தட்டையான கல்லோ கான்கிரீட்டோ இல்லாவிட்டால் அது மண்ணுக்குள் அமுங்கி, தலையை விட்டு இறங்கிவிடும்.

கல்காலுக்கு இது இன்னும் முக்கியம். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மரம் வளைந்து எச்சரிக்கும், இரும்பு கோணி எச்சரிக்கும், கல் எதுவும் சொல்லாது. தரைமட்டத்தில், மண்ணும் கல்லும் சேரும் இடத்தில், மயிரிழைக் கீறல் ஒன்று ஓடும். அதைக் கண்டதும் இழுப்பதை நிறுத்திவிடுங்கள். ஐந்து வரிசைக் கம்பி, வரிசைக்கு 100 கிலோ என்றால் 500 கிலோ. வரிசைகளின் சராசரி உயரம் 80 செ.மீ. என்று கொண்டால், அந்த உயரத்தில் அரை டன் எடை காலைக் கிடைமட்டமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது, இரவும் பகலும்.

காலைச் சுற்றிக் கான்கிரீட் போட்டவர்கள் பொறுமை காட்ட வேண்டும். ஆட்கள் வந்துவிட்டார்கள், கூலி போகிறது என்று மறுநாளே இழுக்கிறார்கள். குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும், கான்கிரீட் முழு வலுவுக்கு வர 28 நாள் ஆகும். இரண்டாம் நாள் இழுத்தால் கால் குழிக்குள்ளேயே மெல்ல அசைந்து, கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி விழும். பிறகு அது எந்நாளும் ஒட்டாது.

டிராக்டர், மரம், மின்கம்பம்

மூலைக்காலை நம்பாதவர்கள் இழுப்பானை அதற்கு அப்பால் நிற்கும் டிராக்டரில் மாட்டுவார்கள். இதில் மறைந்திருக்கும் சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. இழுக்கும்போது சுமை முழுவதும் டிராக்டர்மேல் இருக்கிறது, கால் ஒன்றும் அறியாமல் நேராக நிற்கிறது. கம்பியைக் காலில் சுற்றிக் கட்டி இழுப்பானைத் தளர்த்தியதும் சுமை ஒரேயடியாகக் காலுக்கு வருகிறது, கால் சாய்கிறது, கம்பி தொய்கிறது. தூண்பிடியில் இந்தக் கோளாறு இல்லை. எந்தக் கால் நாளைக்குச் சுமக்கப்போகிறதோ அதே கால் இன்றே சுமக்கிறது. கட்டுவதற்கு முன்பே அது சாய்வதும் சாயாததும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. சாய்ந்தால் அங்கேயே நிறுத்தி, முட்டைச் சரிசெய்துவிட்டுத் தொடரலாம்.

டிராக்டரை ஓட்டியே கம்பியை இழுப்பது இதைவிட மோசம். ராட்செட்டில் ஒவ்வொரு பல்லும் கைக்குக் கனத்தைச் சொல்லும். எஞ்சின் சொல்லாது. கம்பி அறுந்த பிறகுதான் தெரியும். அறுந்த முள்கம்பி நேராகப் பின்வாங்குவதில்லை, சுருண்டு சுழன்று வரும்.

உயிருள்ள மரத்தில் சங்கிலி போடுவதானால் சாக்கை நான்காக மடித்து வைத்து, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். வேம்பின் பட்டையை வளையமாகச் சங்கிலி நசுக்கிவிட்டால், அதற்கு மேலே இருக்கும் மரம் மெல்லப் பட்டுப்போகும்.

மின்கம்பத்தையும் அதைத் தாங்கும் இழுவைக் கம்பியையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். தோட்டத்து மூலையில் அது வசதியாக நிற்கும், ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்று தோன்றும். கம்பத்தில் மின்கசிவு இருந்தால் வேலி முழுவதற்கும் மின்சாரம் பரவும். நூறு மீட்டருக்கு அப்பால் கம்பியில் கை வைத்து நிற்பவருக்கு ஏன் என்றுகூடத் தெரியாது.

பிடியின் உயரம், வாலின் நீளம்

தூண்பிடியைக் கம்பி வரும் உயரத்துக்கு மிக அருகில் கட்ட வேண்டும். ஐந்து வரிசைக்கும் ஒரே இடத்தில், வசதிக்காக இடுப்புயரத்தில் கட்டிவிட்டு, இழுப்பானை மேலும் கீழும் சாய்த்து இழுப்பது தவறு. சாய்வாக இழுத்தால் சங்கிலி காலில் நழுவும். நழுவும் ஒவ்வொரு முறையும் சிமெண்ட் காலின் விளிம்பு உதிரும், உள்ளே இருக்கும் கம்பி வெளியே தெரியும், மழை பட்டுத் துருப்பிடிக்கும். வரிசைக்கு ஒருமுறை பிடியை நகர்த்துவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

சரியாக அதே உயரத்தில் வைத்தாலும் சிக்கல்தான், கம்பியைச் சுற்றிக் கட்ட இடம் இருக்காது. நான்கு விரற்கடை கீழே வைத்தால் வால், அதாவது காலில் சுற்றிக் கட்ட விடும் கம்பியின் நுனி, மேலே தாராளமாகச் சுற்றும். அடிவரிசைக்கு மட்டும் பிடியை மேலே வைத்துக்கொள்ளலாம்.

சங்கிலியின் இரு கையும் சம நீளமாக இருக்க வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தால் வளையம் காலின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கும், கால் தன் அச்சிலேயே திரும்பும். இரும்பு ஆங்கிள் கால்கள் இப்படித் திரும்பிக் கிடப்பதை நிறையப் பார்க்கலாம்.

வாலைக் குட்டையாக வெட்டிவிடுவதும் வழக்கமான தவறு. ஆறு அங்குலச் சதுரக் காலைச் சுற்றி வரவே 60 செ.மீ. வேண்டும். பிறகு கம்பியின் மேலேயே ஐந்தாறு முறை முறுக்க வேண்டும். இழுப்பானின் மறுமுனையில் கம்பியைக் கவ்வும் பிடியைக் காலுக்கு ஒரு மீட்டருக்கு மேல் முன்னாலேயே மாட்டி, காலுக்கு அப்பால் ஒன்றரை மீட்டர் வால் விட்டுவிடுங்கள். கவ்வும் இடத்தில் முள் இருக்கக் கூடாது. குறடால் கடித்து இழுத்தால் துத்தநாகப் பூச்சு உரிந்து, துரு அந்த இடத்தில்தான் தொடங்கும்.

நடுக்கால்களில் கட்டுக்கம்பியை இழுத்து முடித்த பிறகே கட்ட வேண்டும். முன்பே கட்டினால் இழுவை முதல் சில கால்களோடு நின்றுவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் எஃகுக் கம்பி 20 டிகிரி குளிர்ந்தால் 2.4 செ.மீ. சுருங்கும். மேலே சொன்ன 5 செ.மீ. நீட்சியில் கிட்டத்தட்டப் பாதி அது. சித்திரை மாத நண்பகலில் விரலால் தட்டினால் பாடும் அளவுக்கு இழுத்துக் கட்டினால், மார்கழி விடியலில் அதே கம்பி பாதி மடங்கு கூடுதலாகக் காலை இழுக்கும். நண்பகலில் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள்.

ஐந்தாவது வரிசை முடிந்ததும் கருவிகளை மூட்டை கட்டிவிடாதீர்கள். பின்னால் இழுத்த ஒவ்வொரு வரிசையும் காலைக் கொஞ்சம் அசைத்திருக்கும், முதலில் இழுத்தது தளர்ந்திருக்கும். ஒரு சுற்று திரும்ப வந்து தட்டிப் பாருங்கள். மூலையில் சேரும் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றி, வரிசைக்கு வரிசை இழுத்தால் இந்த அசைவு குறையும்.

இழுப்பானைக் கழற்றும்போது ராட்செட்டை ஒவ்வொரு பல்லாகவே இறக்குங்கள். கம்பியின் கோட்டில் யாரும் நிற்க வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகள். தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டிருப்பவர் பக்கவாட்டில் நின்று இறக்கட்டும். கடைசிப் பல் இறங்கும்வரை முறுக்கிய வால் நகராமல் இருக்கிறதா என்று அடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மழைக்குப் பிறகு, குறிப்பாகக் கரிசல் மண்ணில், ஒருமுறை போய்த் தூக்குக்குண்டு பிடியுங்கள். முட்டுக்காலின் அடி மண்ணில் புதைந்திருந்தால், கம்பியை முறுக்குவதற்கு முன் அதைத் தூக்கி அடியில் கல் வையுங்கள்.