திகில், துப்பறியும் கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பறியும் கதை, திகில், அறிவியல் புனைகதை என்று ஒரு வகைக்குள் நின்று எழுதுபவருக்கு வாய்க்கும் வாசகர் லேசுப்பட்டவர் அல்ல. அந்த வகையில் எழுதுபவரைவிட அவர் அதிகம் படித்திருப்பார். கொலையாளிக்கு ஒரு இரட்டைச் சகோதரன் உண்டு என்பதை மூன்றாம் அத்தியாயத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். அவரிடம் மாட்டிக்கொள்ளும் தவறுகளில் பாதி, எழுத உட்காரும் முன்பே, படிப்பதிலும் பார்ப்பதிலும் நடந்து முடிந்தவை.

படிப்பதைவிடப் பார்ப்பது பல மடங்கு கூடிவிடுவதைத்தான் முதலில் சொல்வேன். தொடர்கள் பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் கேமராவின் தந்திரங்கள் அப்படியே தாளுக்கு வராது. திரையில் கையுறை போட்ட கையை மட்டும் காட்டி, முகத்தை இருட்டில் வைத்துவிடலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். நாவலில் ஒருவனுடைய மனதுக்குள் பத்து அத்தியாயம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் ‘கொன்றவன் இவன்தான்’ என்றால், இத்தனை நேரம் அந்த நினைப்பு ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லையா என்று வாசகர் கேட்பார். ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்கு எழுதிய பத்து விதிகளில் முதல் விதியே இதுதான்: குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்துவிட வேண்டும், ஆனால் அவர் மனதை வாசகர் பின்தொடர்ந்திருக்கக் கூடாது. நாக்ஸ் ஒரு பாதிரியார், தானும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர். அந்த விதிகளில் கிண்டலும் கொஞ்சம் உண்டு. அவற்றை மீறி அருமையாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நாவலை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள், ஒரு வாக்கியமும் பொய்யாக இருக்காது.

இந்த இரண்டாம் வாசிப்பைத் தவறவிடுவது இன்னொரு தவறு. முடிவு தெரிந்த கதையை மறுபடி ஏன் படிக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். முடிவு தெரிந்த பிறகுதான் துப்பு எங்கே கிடந்தது, எந்த வேடிக்கைப் பேச்சுக்கு அடியில் அதை ஒளித்தார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். பென்சிலும் கையுமாகப் படிக்க வேண்டிய வாசிப்பு அது.

திரையிலிருந்து தகவல் எடுப்பது தனி வம்பு. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் ஆள் சாய்வதெல்லாம் சினிமாவில்தான். நிஜத்தில் நிமிடக்கணக்கில் விடாமல் முகர வேண்டும். சைலன்சர் மாட்டிய துப்பாக்கியும் நன்றாகவே சத்தம் போடும். விண்வெளியில் காற்று இல்லை, வெடிச்சத்தம் கேட்காது. உடலை மட்டும் பார்த்து ‘இரவு 11.20-க்கு இறந்தார்’ என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்வார். கதைக்கு இதுவே லாபம். யார் எங்கே இருந்தார்கள் என்ற அலிபி விளையாட்டு முழுக்க அந்த இடைவெளிக்குள்தானே நடக்கிறது!

இப்போது ஓடுவதை மட்டும் படித்து அதையே எழுதவும் வேண்டாம். எழுதி, திருத்தி, அச்சாகி வருவதற்குள் அந்த அலை ஓய்ந்திருக்கும்.

சரி, கதை தயார். யாராவது திருடிவிடுவார்களோ என்று கருவைப் பூட்டி வைப்பது புதியவர்களின் பழக்கம். பதிப்புரிமை காப்பது எழுதிய வடிவத்தை; வெறும் யோசனைக்குப் பாதுகாப்பு கிடையாது. பூட்டிய அறைக்குள் கொலை என்ற கருவை எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், எழுதிய உடனே பதிவுகூட இல்லாமல் அந்த உரிமை வந்துவிடுகிறது. அதனால் தைரியமாக நாலு பேருக்குப் படிக்கக் கொடுங்கள்.

ஆனால் முழுக் கதையையும் இணையத்தில் போட்டுவிட்டு அப்புறம் பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வெளியானது என்று பல பத்திரிகைகள் ஒதுக்கிவிடும். அனுப்பும் முன் அவர்களுடைய விதிமுறையை வரி விடாமல் படியுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் குவிந்ததால், கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகை 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. இந்த விஷயத்தில் ஆசிரியர்கள் இப்போது கறாராக இருக்கிறார்கள். அமேசானில் மின்னூல் போடுபவர்கள் கேடிபி செலக்ட் என்ற அமேசானின் திட்டத்துக்கு டிக் செய்தால், 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. கவனிக்காமல் விட்டால் அந்தக் கெடு தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

புத்தகம் போட உங்களிடமே பணம் கேட்டுவிட்டு, உரிமைகளையும் எழுதி வாங்கிக்கொள்பவர் பதிப்பாளர் அல்ல. சொந்தமாகப் பதிப்பிக்கச் செலவு செய்வது வேறு; அதில் உரிமை உங்களிடமே இருக்கும்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் முதலில் தேடுவது ராயல்டி சதவீதத்தை. அதைவிட முக்கியம், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு என்பது. துப்பறியும் கதைகளைத் திரைக்காரர்கள் அடிக்கடி தேடி வருவார்கள். ‘எல்லா மொழிகளிலும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்போது பேச வேண்டிய ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும் என்ற பழைய வரியையும் நம்ப வேண்டாம். மின்னூலும், கேட்டால் அச்சடித்துத் தரும் முறையும் வந்த பிறகு எந்தப் புத்தகமும் அச்சிலிருந்து போவதே இல்லை. ஒரு வருடத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை என்னிடம் திரும்ப வேண்டும் என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரே துப்பறிவாளரை வைத்துத் தொடராக எழுதுபவர் என்றால், அடுத்த நாவல்களையும் அதே பதிப்பாளருக்கே முதலில் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, அவர் எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.