பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்: பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி யோசிக்கும் முன் மானிட்டரை முடிவு செய்துவிடுங்கள். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் 36.9 லட்சம். ஒரே கேமுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும்) ஏறக்குறைய 1.8 மடங்கு புள்ளிகளைக் கார்டு வரைந்தாக வேண்டும். பட்ஜெட் கம்ப்யூட்டர் என்றால் 1080 திரைதான் சரி. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ஹெர்ட்ஸ். 144 ஹெர்ட்ஸ் கிடைத்தால் நல்லது, 100 ஹெர்ட்ஸ் கிடைத்தாலும் மோசமில்லை.

அடுத்த கேள்வி, என்ன ஆடப்போகிறீர்கள்? வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரைத்தான் அதிகம் கேட்கும். சைபர்பங்க் 2077 போன்றவை கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். முதல் வகை மட்டும் ஆடுகிறவர் பெரிய கார்டில் பணத்தைக் கொட்டிவிட்டு மட்டமான பிராசசரை மாட்டினால், வாங்கிய கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாகக் கேபினெட்டுக்குள் போகும் பாகங்களுக்கு மட்டும் 100 பங்கு வைத்துக்கொண்டால், கிராபிக்ஸ் கார்டுக்கு 40, பிராசசருக்கு 18, பாகங்களை இணைக்கும் மதர்போர்டுக்கு 12, ரேமுக்கு 10, கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு 8, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 7, கேபினெட்டுக்கு 5 என்று தொடங்கலாம். இது கல்வெட்டு இல்லை. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது போல ஏதாவது நடந்தால் பங்குகள் இடம் மாறும். பணம் குறைந்தால் முதலில் வண்ண விளக்குகளையும் கண்ணாடிக் கேபினெட்டையும் வெட்டுங்கள். விளக்கமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டும் வேலை அது. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு

இங்கேதான் ஏமாற்றமும் அதிகம். ஒரே பெயரில் இரண்டு வேறு கார்டுகள் விற்பது இந்தத் துறையின் பழைய வழக்கம்.

என்விடியாவின் ஜிடி 1030 கார்டு ஒரு நல்ல பாடம். ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரியோடு வந்த கார்டின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. அதே பெயரில் பின்னால் வந்த, டிடிஆர்4 என்ற மெதுவான மெமரி உள்ள கார்டுக்கு அது 16.8 ஜிபிதான். அட்டைப்பெட்டியில் வித்தியாசம் ஒரே ஒரு வரி. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் இதே கதை: 12 ஜிபி கார்டுக்கு மெமரி பாதை (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு போகும் வழி) 192 பிட், 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டில் மெமரி மட்டுமா குறைந்தது? கணக்குப் போடும் கோர்கள் 2560-இலிருந்து 2304 ஆயின, மெமரி பாதையும் 128-இலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. ஆகவே மாடல் எண்ணைப் பார்த்தவுடன் விலை பேசாதீர்கள். மெமரி எத்தனை ஜிபி, பாதை எத்தனை பிட் என்ற இரண்டையும் பாருங்கள்.

புதிதாக வாங்கினால் 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். பழைய கையிருப்பு கிடைத்தால் ஆர்எக்ஸ் 6600 இன்றும் 1080 திரைக்கு நாணயமான கார்டு. 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள், சூடும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட்டில் அதைவிட வேகமாக ஓடும். கொஞ்சம் மேலே போக முடிந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. அதிலும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு உண்டு. நாலைந்து வருடம் வைத்திருப்பதாக இருந்தால் 16 ஜிபிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். இன்டெலின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது. ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு) ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி) இயங்காவிட்டால் அதன் வேகம் கணிசமாக விழும், பழைய பிராசசரோடு சேர்த்தாலும் திணறும். புதிய பிராசசர், மதர்போர்டு ஜோடியில் மட்டும் அதை மாட்டுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு தவிர்க்க வேண்டியது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் மற்ற கார்டுகளை எடைபோடவும் இதே கணக்கு உதவும். இந்தக் கார்டு மதர்போர்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பில் 4 தடங்கள்தான் வைத்திருக்கிறது, ஆர்எக்ஸ் 6600-க்கு 8 தடங்கள். பிசிஐஇ 4.0 போர்டில் 4 தடம் ஓரளவு சமாளிக்கும். பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 போர்டில் அந்த 4 தடத்தின் வேகமும் பாதியாகிவிடும். கார்டில் மெமரியோ 4 ஜிபி. கேமின் டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) அதில் நிரம்பியதும் மிச்சம் கம்ப்யூட்டர் ரேமுக்குப் போய், ஒவ்வொரு முறையும் அந்தக் குறுகிய சந்து வழியாக வந்தாக வேண்டும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் கேமில் திரும்பும்போதெல்லாம் திரை வெட்டி வெட்டி நிற்கும். போதாக்குறைக்கு வீடியோ பதிவுக்கான என்கோடரும் அதில் கிடையாது. ஸ்ட்ரீம் செய்தால் அந்தச் சுமை முழுக்கப் பிராசசர் தலையில் விழும்.

ஒரே சிப் இரண்டு மின்விசிறியோடும் மூன்று மின்விசிறியோடும் விற்கும். 130 வாட் கார்டுக்கு இரண்டு போதும். மூன்றாவதற்குக் கொடுக்கும் பணத்தை அடுத்த படிநிலைக் கார்டில் போடுவது புத்திசாலித்தனம்.

பிராசசரும் மதர்போர்டும்

இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்யுங்கள். 6 கோர் (வேலை செய்யும் அலகு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை) இருந்தால் போதும். அதற்கு மேல் போவது இந்த பட்ஜெட்டில் வீண்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) ரைசன் 5 5600. பக்கத்திலேயே சற்று மலிவாக 5500 நிற்கும். அதுவும் 6 கோர்தானே என்று எடுத்துவிடாதீர்கள். 5600-இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேமுக்குக் கேஷ் மிக முக்கியம். 5500-இல் பிசிஐஇயும் 3.0 மட்டுமே. மேலே சொன்ன 6500 எக்ஸ்டியை இதோடு சேர்த்தால் அதைவிடப் பொருந்தாத ஜோடி கிடையாது.

இன்டெலில் கோர் ஐ5-12400எஃப் இதற்கு இணை. எஃப் என்ற எழுத்துக்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டு பழுதானால் திரையில் ஒன்றுமே வராது, என்ன கோளாறு என்று பார்க்கக்கூட வழியில்லை. விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் எஃப் இல்லாததை எடுங்கள்.

ஏஎம்4 அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று வருடத்தில் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போங்கள். அதற்கு 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் ஏஎம்5-இல் டிடிஆர்5 ரேம் மட்டுமே போகும். ரேம் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜி எடுப்பவர்கள் நிறைய. ஆறு மாதம் கார்டே வாங்க முடியாது என்றால் அது நியாயம். அடுத்த மாதமே கார்டு வரும் என்றால் காத்திருந்து 5600-ஐ எடுங்கள். 5600ஜி-இலும் 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0தான்.

போர்டில் பார்க்க வேண்டியவை சில. ஏ520, பி450 இரண்டிலும் பிசிஐஇ 3.0. பி550-இல் கார்டு ஸ்லாட்டுக்கு 4.0 உண்டு. பழைய பி450 போர்டில் 5600-ஐப் போட்டால் பயாஸ் புதுப்பிக்காமல் கம்ப்யூட்டர் எழும்பாது. புதுப்பிக்கப் பழைய பிராசசர் வேண்டும், அது உங்களிடம் இருக்காது. எனவே பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் வழியாகப் பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாகத் தேடுங்கள், அல்லது விற்பவரிடமே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். 12400எஃப்-க்கான போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகையிலும் வரும். ரேமின் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றில் மற்றது நுழையாது. மலிவான போர்டுகள் பலவற்றில் வைஃபை கிடையாது என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்கும் தெரியவரும்.

ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி வேண்டும், அதையும் 8 ஜிபி இரண்டாக. பிறகு இன்னொன்று சேர்க்கலாம் என்று 16 ஜிபி ஒற்றைக் குச்சி வாங்கினால் மெமரிக்குப் போகும் பாதை ஒன்றாகிவிடும். பிராசசர் திணறும் கேம்களில் இழப்பு கண்ணுக்கே தெரியும். தனிக் கார்டு இல்லாமல் பிராசசரின் உள் கிராபிக்ஸில் ஆடுகிறவருக்கு இழப்பு இன்னும் பெரிது.

டிடிஆர்4-இல் 3200 வேகம் என்பதோடு நிறுத்தாமல் சிஎல் எண்ணையும் (ரேம் பதில் தர எத்தனை சுழற்சி எடுக்கிறது என்பது) பாருங்கள். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். 3200, சிஎல்16 என்றால் 10. 3200, சிஎல்22 என்றால் 13.75. 3600, சிஎல்18 என்றாலும் அதே 10தான். ஆகவே 3600 என்ற எண்ணுக்கு மட்டும் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. டிடிஆர்5-க்கு 6000 வேகம், சிஎல்30 முதல் 36 வரை போதும்.

எஸ்எஸ்டி 1 டிபி எடுங்கள். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இப்போது சாதாரணம், 500 ஜிபி மூன்று நான்கு கேமிலேயே நிறைந்துவிடும். எம்.2 என்ற சிறு குச்சி வடிவத்தில் இருப்பதெல்லாம் வேகமான என்விஎம்இ இல்லை, அதே உருவத்தில் மெதுவான சாட்டாவும் வருகிறது. நொடிக்கு 7000 எம்பி என்று விளம்பரப்படுத்துவதற்குக் கூடுதல் பணம் தராதீர்கள். 3500 எம்பி எஸ்எஸ்டியோடு ஒப்பிட்டால் கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் சொற்பம்.

எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரைப் படியுங்கள்

முதலில் தேவையைக் கணக்குப் போடுவோம். ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகளுக்குத் தாராளமாக 50. மொத்தம் 260 வாட்டுக்குள். கார்டு நொடிப்பொழுதுக்கு எகிறுவதையும் பின்னால் பெரிய கார்டு மாட்டுவதையும் சேர்த்தால் நல்ல 550 வாட் போதும். 750 வாட் தேவையே இல்லை.

நல்ல என்ற சொல்லில்தான் விஷயம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12வி (12 வோல்ட்) என்ற கட்டத்தைப் பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கார்டும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 42 ஆம்பியர் என்று இருந்தால் 12×42 = 504 வாட். 550 வாட் பெட்டிக்கு இது நேர்மையான எண். மேலே பெரிய எழுத்தில் 500 வாட், கீழே +12வியில் 25 ஆம்பியர் என்றால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 300 வாட். மிச்சம் 3.3, 5 வோல்ட்டில் போட்டு நிரப்பிய கணக்கு. +12வி1, +12வி2 என்று இரண்டு கட்டம் இருந்தால் ஆம்பியரைக் கூட்டாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து எழுதியிருக்கும் வாட்டைப் பாருங்கள்.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் வருகிறது என்பதை மட்டுமே. உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, கப்பாசிட்டர் தரமானதா என்பதை அது சொல்லாது. சொந்தப் பெயரில் 5 வருடமோ அதற்கு மேலோ வாரண்டி தரும் மாடலாகப் பாருங்கள். சக்தி போதாத எஸ்எம்பிஎஸ் டெஸ்க்டாப்பில் ஒழுங்காகத்தான் ஓடும். கேம் சூடு பிடித்ததும் பொசுக்கென்று அணைந்துவிடும். பலர் கார்டைச் சந்தேகப்பட்டு அலைவது அப்போதுதான்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொன்றின் கேபிள் கச்சிதமாக நுழையும், ஆனால் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது மாறியிருக்கும். எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

கேபினெட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முன்பக்கம் வலை, முன்னால் காற்றை இழுக்க இரண்டு மின்விசிறி, பின்னால் தள்ள ஒன்று. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் ஒப்பிட்டுவிடுங்கள். 5600, 12400எஃப் இரண்டுக்கும் பெட்டியோடு வரும் கூலரே போதும்.

பழைய பாகங்கள் எடுத்தால்

எஸ்எம்பிஎஸ்ஸைப் பழசில் வாங்க வேண்டாம். பிராசசரை வாங்கலாம், அது லேசில் கெடாது. ஏஎம்4 பிராசசரில் பின் வளைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கார்டு என்றால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி புதுப் பெயரில் விற்கும் போலிக் கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பிறகு அரைமணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டுத் திரையில் புள்ளிகள், கோடுகள் வருகின்றனவா என்று கவனியுங்கள். அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரில் கார்டு மாட்டும் திட்டம் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான கேபிளே இருக்காது. ஸ்லாட் தருவது 75 வாட் மட்டும். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டு அங்கேதான் உபயோகப்படும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனிக் கேபிள் தேவைப்படாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் அந்தப் பிராசசர் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது

மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு என்றால் பிராசசருக்குப் போகும் 4+4 பின் கேபிளை மாட்டினீர்களா என்று பாருங்கள். கார்டுக்கான 6+2 பின் கேபிளை அங்கே திணிக்கக் கூடாது. நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் 2, 4-ஆம் ஸ்லாட்டில் குச்சிகள் இருக்க வேண்டும். சூடு ஏறிக்கொண்டே போனால் கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2400-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். கார்டு மாட்டியும் கேம் நகரவில்லை என்றால் பின்பக்கம் குனிந்து பாருங்கள், மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகியிருக்கும். கடைசியாக விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60-இலேயே ஆடிக்கொண்டிருப்பவர்கள் அநேகம்.