குரலை முதலில் வெட்டுங்கள், படங்களை அப்புறம் அடுக்குங்கள்: பினாங்கில் ஓர் ஒலிப் படக்கதை

வீடியோவே எடுக்காமல், புகைப்படங்களையும் ஒருவரின் சொந்தக் குரலையும் மட்டும் சேர்த்து, இரண்டரை நிமிடத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூமாலை கட்டும் ஓர் அக்காவைப் பற்றி அப்படி ஒரு கதை செய்தேன். அதை வைத்துத்தான் இந்த விளக்கம். படம் பிடிக்க உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐஎஸ்ஓ, ஷட்டர் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

கேமராவைத் தூக்குவதற்கு முன் இரண்டு படைப்புகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, 2009-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 'ஒன் இன் எய்ட் மில்லியன்' தொடர். நியூயார்க்கின் சாதாரண மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் படங்களோடு அவரவர் குரலையே ஓடவிட்டார்கள். ஒரு கதையை முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். குரல் தனியாகவே முழுக்கதையாக நிற்பது புரியும்.

இன்னொன்று, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித் 1948-இல் லைஃப் இதழுக்காக எடுத்த 'கன்ட்ரி டாக்டர்'. கொலராடோவின் கிரெம்ளிங் என்ற சிற்றூரில் மருத்துவர் எர்னஸ்ட் செரியானியோடு 23 நாள் கூடவே இருந்து எடுத்த படங்கள். அதில் அறுவை சிகிச்சை முடிந்து, கையில் காப்பிக் கோப்பையோடு அவர் சோர்ந்து நிற்கும் படம் ஒன்று உண்டு. வேலை நடக்கும்போது எல்லோரும் படமெடுப்பார்கள். வேலை ஓய்ந்த பிறகும் அங்கேயே இருந்தவருக்குத்தான் அந்தப் படம் கிடைத்தது.

ஆளைத் தேர்வு செய்வதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கையால் ஏதாவது வேலை செய்பவராகவும், திரும்பத் திரும்பப் போனால் முகம் சுளிக்காதவராகவும் இருந்தால் போதும். எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லி, சம்மதம் வாங்கிவிடுங்கள்.

இனிதான் முக்கியமான இடம்: குரல் பதிவு. லிட்டில் இந்தியாவில் கடையிலேயே உட்கார்ந்து பேட்டி எடுக்காதீர்கள். பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போய்க்கொண்டே இருக்கும். நேரில் கேட்க அது உற்சாகம்தான். ஆனால் பேச்சை வெட்டி ஒட்டும்போது பின்னணியில் பாட்டு பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவும். எங்கே வெட்டினீர்கள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். யூடியூபில் ஏற்றினால் பதிப்புரிமைச் சிக்கலும் வரும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் குறைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது மின்விசிறி, குளிர்சாதனம் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் சரிவரும். பாட்டு நொடிக்கு நொடி மாறுவதால் அதை நீக்கப்போனால் பேச்சும் சேர்ந்து கெட்டுவிடும்.

அதனால் பேட்டியை அவர் வீட்டில் வையுங்கள், இல்லையென்றால் கடைகள் திறப்பதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, திரைச்சீலை உள்ள அறையில் எதிரொலி குறையும். விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஆடையில் மாட்டும் சிறிய மைக் ஒன்று இருந்தால் கைப்பேசியிலேயே நல்ல பதிவு கிடைக்கும். விலை கூடிய ரெக்கார்டர் முதல் கதைக்குத் தேவையே இல்லை. சேலை கட்டியவர் என்றால் சங்கிலி உரசாத பக்கமாக மைக்கை மாட்டுங்கள். வளையல் சத்தத்தையும் கவனியுங்கள்.

அவர் பேசும்போது "ம்ம்", "ஆமாக்கா" என்று நீங்கள் குரல் கொடுக்கக் கூடாது. நம் பழக்கத்தில் அது மரியாதைதான், ஆனால் அவர் குரலின் மேல் விழுந்துவிடும். தலையை மட்டும் ஆட்டுங்கள். "எத்தனை வருஷமா கட்டுறீங்க?" என்று கேட்டால் எண் மட்டும்தான் பதிலாக வரும். "முதன்முதலா மாலை கட்டின நாளைப் பத்திச் சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் இடைவெளியை நிரப்ப அது வேண்டும்.

கடைச் சத்தங்களைத் தனியாக எடுங்கள்: நார் இழுபடுவது, பூவில் தண்ணீர் தெளிப்பது, இரும்புக் கதவை மேலே தள்ளுவது. தைப்பூச நேரத்தில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் கூட்டத்துக்காகக் கடை பரபரக்கும். அந்தச் சத்தம் கிடைத்தால் விடாதீர்கள்.

படங்களுக்கு ஒரே விதி: எதையும் நடிக்கச் சொல்லாதீர்கள். "இன்னொரு தடவை கட்டுங்கக்கா" என்று கேட்ட கணமே அது செய்திப்படம் இல்லாமல் போய்விடுகிறது. காத்திருங்கள், அவர் எப்படியும் இன்னொரு மாலை கட்டத்தான் போகிறார். கடை முழுவதும், ஆளும் வேலையும், விரல்கள், முகம் என்று தூரத்தை மாற்றி மாற்றி எடுங்கள். எல்லாம் கிடைமட்டமாகவே இருக்கட்டும்.

சரி, இனி தொகுக்கும் வேலை. பேசியதை ஒரு தாளில் அப்படியே எழுதி, தேவையானதைக் கோடிட்டு, அதன்படி ஆடாசிட்டியில் வெட்டுங்கள். வாக்கியங்களை இடம் மாற்றலாம், ஆனால் அவர் சொன்னதன் பொருள் மாறக் கூடாது. மூச்சுச் சத்தங்களை விட்டுவையுங்கள். இரண்டரை நிமிடக் குரல் இறுதியான பிறகுதான் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளைத் திறக்க வேண்டும். இலவசப் பதிப்பே போதும். அதில் படங்களைப் போடுவதற்கு முன்பே பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை சட்டகம் என்ற கணக்கை) முடிவு செய்யுங்கள். அப்புறம் அதை மாற்ற விடாது. ஒரு படத்துக்கு ஐந்து நொடி என்று வைத்தால் முப்பது படம் வரும்.

அவர் மல்லிகை என்றதும் மல்லிகைப் படம், மகள் என்றதும் மகள் படம் என்று ஒட்டாதீர்கள். காது கேட்டதையே கண்ணும் பார்த்தால் பார்ப்பவருக்கு வேலையே இல்லை. விடியற்காலையில் எழுவதைப் பற்றி அவர் பேசும்போது நான் வைத்தது, நாரால் தழும்பேறிய விரலின் படம். படத்தைப் பெரிதாக்கியும் நகர்த்தியும் காட்டும் அசைவுகள் எனக்குப் பிடிக்காது. நல்ல படம் அசையாமல் நிற்கட்டும். மலாய், ஆங்கில வசன வரிகளைச் சேருங்கள்; தமிழ் தெரியாத பக்கத்துக் கடை ஆன்ட்டியும் பார்க்க வேண்டுமே.

பின்சேர்க்கை: கைப்பேசியில் பதிந்த எம்4ஏ கோப்பு ஆடாசிட்டியில் திறக்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விண்டோஸில் அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும். அது தொல்லையாகத் தோன்றினால் தொடக்கத்திலிருந்தே வேவ் வடிவில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். பழைய மடிக்கணினியில் ரிசால்வ் திணறினால் ஷாட்கட் என்ற இலவச மென்பொருளை முயன்று பாருங்கள். இந்த வேலைக்கு அது தாராளம்.