காட்டெலி பாக்டீரியா: வரப்பிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஈரோடு மாவட்டத்துக் கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் அறுத்து முடிந்ததும் வரப்பெல்லாம் வளை வளையாகத் தெரியும். எலிகள் சுமக்கும் பாக்டீரியாவை ஆராய வருகிறவர்களுக்கு அது நல்ல இடம். பாக்டீரியாவின் பெயர் தப்பாகப் போவது ஆய்வகத்து மெஷினில்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் நான் பார்த்தவரை பாதித் தப்பு வரப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பொறியில் விழுந்ததையெல்லாம் எலி என்று எழுதுவதை முதலில் விடுங்கள். நான் புதிதாகப் பொறி வைத்த காலத்தில் கூர்மூக்கோடு, மூக்கைத் துளைக்கும் வாடையோடு ஒன்று சிக்கியது. நோட்டில் ‘சிறிய எலி’ என்று எழுதிவிட்டேன். தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது எலியில்லீங்க தம்பி, மூஞ்சூறுங்க, பல்லைப் பாருங்க” என்றார். எலிக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு உளி மாதிரிப் பல், அப்புறம் கடைவாய் வரை வெற்றிடம். மூஞ்சூறுக்கு அந்த இடைவெளி கிடையாது, கூர்ப்பற்கள் வரிசையாக இருக்கும். அது கொறிவிலங்கே இல்லை. அன்று அவர் சொல்லாவிட்டால் அதன் சிறுநீரகத்தில் இருந்தது எலியின் கணக்கில் ஏறியிருக்கும்.

எலிகளுக்குள்ளேயும் வரப்பெலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி என்று பல உண்டு, குட்டியாக இருக்கும்போது யாரையும் குழப்பும். எடை, வால் நீளம், பின்பாத நீளம் அளந்துகொள்ளுங்கள், காதில் ஒரு துணுக்கு எடுத்து ஆல்கஹாலில் போடுங்கள். பிறகு அந்தத் துணுக்கிலுள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணுவை வைத்து எந்த எலி என்று சரிபார்க்கலாம். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். லேபிளில் வெறுமனே ‘காடு’ என்று எழுதுவதும் வேண்டாம். நம்ம பக்கம் காடு என்றால் கடலை விதைக்கிற மேட்டு நிலம், வெளியூர்க்காரர் அதைச் சத்தியமங்கலம் மலைக்காடு என்று படிப்பார்.

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து சிறுநீரில் வெளியேறுவது. மொச்சைக்கொட்டை போல இருக்கும் அந்தச் சிறுநீரகத்தை, தோலை வெட்டிய கத்தரிக்கோலாலேயே எடுத்தால் ரோமத்திலும் மண்ணிலும் இருந்ததெல்லாம் கூடவே வரும். ஈர மண்ணிலேயே நோய் தராத லெப்டோஸ்பைரா வகைகள் வாழ்வதால் இது சின்ன விஷயமில்லை. தோலுக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என்று கருவி மாற்றுங்கள், திசு எதுவும் போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே சோதனைகள் அத்தனையிலும் கூடவே ஓட்டுங்கள், அதில் கிருமி தெரிந்தால் வெளியிலிருந்து கலந்தது என்று புரியும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எலியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

லெப்டோஸ்பைராவை ஆய்வகத்தில் வளர்க்கப் பொறுமை வேண்டும். 28 முதல் 30 டிகிரியில் மெதுவாக வளரும் உயிர் அது, சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும். ஒரு வாரம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று குழாயைக் கொட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்பதை வைத்தும் எலியை விட்டுவிட முடியாது, எதிர்ப்பொருள் தெரியாத எலியின் சிறுநீரகத்திலும் கிருமி இருக்கக்கூடும்.

வகைப்படுத்தலில் பெரிய குழப்பம் செரோவாரையும் சிற்றினத்தையும் ஒன்றாக எண்ணுவது. செரோவார் என்பது கிருமியின் மேற்பரப்பை வைத்துப் பிரிப்பது, சிற்றினம் மரபணுவை வைத்துப் பிரிப்பது. ஹார்ட்ஜோ என்ற செரோவார் லெப்டோஸ்பைரா இன்டெரோகன்ஸிலும் உண்டு, போர்க்பீட்டர்செனியிலும் உண்டு. அதனால் எதிர்ப்பொருளோடு கிருமி திரள்கிறதா என்று பார்க்கும் திரட்டல் சோதனையில் கிடைத்த செரோவார் பெயரைச் சிற்றினக் கட்டத்தில் எழுதினால் அட்டவணை முழுக்கப் பொய்யாகிவிடும்.

தமிழ்ப் பெயரும் சில நேரம் வழி தவறவைக்கும். ஸ்க்ரப் டைபஸை உண்ணிக்காய்ச்சல் என்கிறோம், அதைக் கேட்டுவிட்டு எலி மேல் உண்ணியை மட்டும் தேடுவார்கள். அதைப் பரப்புவது மைட் என்ற நுண்ணிய பூச்சி போன்ற ஒன்றின் இளம்புழு, எலியின் காது மடலுக்குள் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரிச் செம்மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்து எறியாமல் தனிக் குப்பியில் சேர்த்து வையுங்கள். இந்தக் காய்ச்சலைத் தரும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உயிரணுவுக்குள் மட்டுமே வாழ்வதால் அகார் தட்டில் அதை எதிர்பார்ப்பது வீண்.

பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் 16எஸ் மரபணு ஒன்றை மட்டும் படித்துவிட்டுச் சிற்றினப் பெயர் வைப்பதும் ஆபத்து. எலிகளில் காணப்படும் பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியாப் பேரினத்தின் சிற்றினங்களிடையே அது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஜிஎல்டிஏ, ஆர்பிஓபி போன்ற மரபணுக்களையும் பார்க்க வேண்டும். பிளேக் கிருமி யெர்சினியா பெஸ்டிஸுக்கும் அதன் நெருங்கிய உறவான சூடோடியூபர்குலோசிஸுக்கும் 16எஸ்ஸில் வித்தியாசம் தேடினால் கிடைக்காது. பிளேக் கிருமியின் அடையாளமாகத் தேடப்படும் பிஎல்ஏ மரபணு ஒன்று மட்டும் தெரிந்தாலும் போதாது, ஐரோப்பிய எலிகளில் வேறு பாக்டீரியாவிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கும்பிடும் கோயம்புத்தூரில் அந்தப் பெயரைத் தப்பாக வெளியே சொன்னால் ஊர் என்ன பாடுபடும்! சந்தேகம் வந்தால் சாதாரண ஆய்வகத்தில் வளர்க்காமல் நிறுத்தி, உரிய பாதுகாப்புள்ள இடத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்லுங்கள்.

அப்புறம், டேட்டாபேஸ் முதல் வரியில் காட்டும் பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். புரதங்களை வைத்துக் கிருமியின் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் மெஷினின் பட்டியல் பெரும்பாலும் மருத்துவமனை மாதிரிகளிலிருந்து வந்தது, வரப்பெலிக் கிருமி அதில் இல்லாமலே இருக்கலாம். முழு மரபணுத்தொகுதி பெயர் தெரிந்த சிற்றினம் எதனோடும் 95-96% அளவுக்காவது ஒத்துப்போகாதபோது சிற்றினப் பெயர் வைக்காமல் பேரினத்தோடு நிறுத்தி, வளர்ப்பை மைனஸ் 80 டிகிரியில் பத்திரப்படுத்துங்கள்.