லூர் மாற்றுவதற்கு முன்: வேட்டை மீன் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் கடிக்கவில்லை என்றதும் பெட்டியைத் திறந்து வேறு நிற லூரை (சிறுமீன் போன்ற செயற்கை இரையை) எடுத்துக் கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் காரியம். நிறமும் முக்கியம்தான். ஆனால் ஆழத்தையும் வேகத்தையும் பார்த்த பிறகு வர வேண்டிய கேள்வி அது.

முதலில் ஆழம். மீன் அடியில் கிடக்க, லூர் அதன் தலைக்கு மேல் மூன்று மீட்டரில் ஓடினால் அது பெரும்பாலும் மெனக்கெட்டு ஏறி வராது. மீனுக்குக் கீழே ஓட்டுவது அதைவிட வீண். கொடுவா, விரால் போலப் பதுங்கி வேட்டையாடுபவை பெரும்பாலும் மேலே பார்த்துத்தான் பாயும். அதனால் லூர் மீனின் மட்டத்தில், அல்லது சற்று மேலே ஓட வேண்டும். மினோ வகை (சிறுமீன் வடிவ) லூரின் மூக்கில் உள்ள தகட்டைப் பாருங்கள். நீளமாக முன்னோக்கி நீட்டியிருந்தால் ஆழமாக முங்கும். குட்டையாகக் கீழ்நோக்கி இறங்கியிருந்தால் மேல்மட்டத்திலேயே ஓடும். தடித்த நரம்பு (தூண்டில் கயிறு) கட்டினால் அதே லூர் இன்னும் மேலே ஓடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தகடு), ஜிக் (கனமான தலையுள்ள லூர்) போல மூழ்குபவை என்றால், தண்ணீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். நரம்பு சட்டென்று தளர்ந்தால் தரை தொட்டுவிட்டது. பத்தில் தரை தொட்டதா? அடுத்த வீச்சில் எட்டிலேயே ரீலைச் சுற்ற ஆரம்பியுங்கள். அடுத்தது ஆறில். கடி விழுந்த எண்ணை மறக்காதீர்கள்.

அப்புறம் வேகம். வீசியதிலிருந்து கரை சேரும்வரை ஒரே சீராகச் சுற்றுவது பழகிப்போன தவறு. அடிபட்ட சிறுமீன் அப்படி நீந்தாது. துடிக்கும், நிற்கும், மறுபடி துடிக்கும். இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம் என்று மாற்றிப் பாருங்கள். பின்தொடர்ந்து வரும் மீன் பல நேரம் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மீனும் மந்தமாகிவிடும், இன்னும் மெதுவாக ஓட்டுங்கள். பாரை போன்ற மீனுக்கு இது தலைகீழ்: பல நேரம் வேகம் கூடினால்தான் துரத்தும்.

சரி, நிறத்துக்கு வருவோம். கலங்கிய தண்ணீரில் கறுப்பு போன்ற அடர்நிறம் நல்ல நிழலுருவம் தரும். தெளிந்த தண்ணீரில் அங்குள்ள சிறுமீனின் நிறமும் அளவும் போதும். சிவப்பை நம்பி ஆழத்தில் இறக்காதீர்கள், தண்ணீரில் முதலில் மங்குவது அந்த நிறம்தான்.

ஃபிராக் (ரப்பர் தவளை லூர்) போட்டு விரால் பிடிப்பவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் அவசரத்தால். தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டதுமே தூண்டிலை வெட்டி இழுத்தால் ஃபிராக் மட்டும் பறந்து வரும். அதன் முள் ரப்பர் உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. மீன் வாயை மூடி அமுக்கினால்தான் முள் வெளியே வரும். நரம்பில் கனம் தெரியும்வரை பொறுத்து, பிறகு ஓங்கி வெட்டி இழுங்கள்.

சிறிய லூரில் பெரிய ஸ்னாப் (நரம்பில் லூரை மாட்டும் கொக்கி) மாட்டினால் லூரின் ஆட்டம் செத்துவிடும். சீலா, வஞ்சிரம் திரியும் இடத்தில் கம்பி லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் கம்பித் துண்டு) இல்லாமல் வீசினால் நரம்பு பல்லில் அறுந்து லூரே போய்விடும். முடிச்சை இறுக்கும் முன் நனையுங்கள். முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் மழுங்கிவிட்டது, தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். மும்முனை முள் மாட்டிய மீனிடம் வெறும் கையைக் கொண்டுபோக வேண்டாம். அது ஒருமுறை உதறினால் மீதி இரண்டு முனையும் உங்கள் விரலில் இருக்கும். நீண்ட மூக்குக் குறடு கைக்கெட்டும் இடத்தில் தொங்கட்டும்.