பழைய அமெரிக்க ரீவிப் பகிடியை எங்கட ஊர் மேடையில ஏத்திறது எப்பிடி

பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம் போடுங்கோடா எண்டு சொன்னால் எங்கட பெடியள் உடன போனில கிடக்கிற சினிமாக் காமெடியைத்தான் பாடமாக்கிக்கொண்டு வாறாங்கள், சனத்துக்கு அந்த வசனம் எல்லாம் முதலே பாடம், பிறகு ஆர் இருந்து சிரிக்கிறது. நான் நாலு வருசமா எங்கட சனசமூக நிலையத்துக்கு நாடகம் பழக்கிறன், இப்ப எல்லாம் எடுக்கிறது வேற இடத்தில, 1950களில அமெரிக்காவில ரீவியில போன கறுப்பு வெள்ளைப் பகிடியள். கிளிநொச்சி வட்டக்கச்சிக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்காதேங்கோ, சம்பந்தம் இருக்கு.

அந்த நேரத்துப் பகிடி எல்லாம் முக்காவாசி மேடை நாடகம்தான். "ஐ லவ் லூசி" 1951 ஒக்ரோபரில தொடங்கி 1957 மட்டும் போனது, முன்னால சனத்தை இருத்தி வச்சு, மூண்டு கமராவை ஒரே நேரத்தில ஓட விட்டு எடுத்தவை, அப்ப நடிகர் எல்லாரும் சனத்தைப் பாத்தபடிதான் நிப்பினம், கதவு இந்தப் பக்கம் ஒண்டு அந்தப் பக்கம் ஒண்டு, நடுவில கதிரை. "யுவர் ஷோ ஒஃப் ஷோஸ்" எண்ட நிகழ்ச்சி 1950இல இருந்து 1954 வரைக்கும், சனிக்கிழமை இரவில ஒண்டரை மணித்தியாலம் நேரடியாப் போனது, பிழைச்சால் திருப்பி எடுக்கிற கதையே இல்லை. எங்கட கொட்டில் மேடையும் அதே கணக்குத்தானே, ஒருக்காத்தான் சந்தர்ப்பம்.

முதல் வேலை, யூடியூபில எடுத்துப் பாக்கேக்க சத்தத்தை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ. தனியப் பாக்க வேண்டாம், வீட்டில இருக்கிற அம்மம்மாவையும் பக்கத்தில இருத்துங்கோ. சத்தம் இல்லாமல் அவ சிரிச்சால் அது மேடைக்கு வரும். அவ "என்னடா இது, வாயை வாயை ஆட்டுறாங்கள்" எண்டு கேட்டால் அதை விட்டுப்போட்டு அடுத்ததுக்குப் போங்கோ. வசனத்தை மொழிபெயர்த்துக்கொண்டு மட்டும் வந்திடாதேங்கோ, நான் முதல் வருசம் செய்த பிழை அது, ஒரு மனுசரும் சிரிக்கேல்லை, ஒரு பெடியன் மட்டும் சிரிச்சவன், அவன் மேடையில நிண்டவன். எடுக்கவேண்டியது உள்ளுக்க இருக்கிற பொறியை. எலிப்பொறி மாதிரி, தேங்காய்ச் சொட்டு வச்சாலும் கருவாட்டுத் தலை வச்சாலும் வேலை செய்யும், கம்பி சரியா இருக்கவேணும்.

உதாரணத்துக்கு அந்த சொக்லேற் பெல்ற். 1952 செப்ரெம்பர் 15 போன பாகம். லூசியும் சிநேகிதி எதெலும் சொக்லேற் ஃபக்டரியில வேலைக்குச் சேருகினம், பெல்ற்றில வாற சொக்லேற்றைக் கடதாசியில சுத்தவேணும், ஒண்டு சுத்தாமல் போனாலும் வேலை இல்லை எண்டு மேற்பார்வை அம்மா சொல்லிப்போட்டுப் போறா. முதல் மெதுவா வருது. பிறகு வேகம் கூடுது. ரெண்டு பேரும் ஏலாமல் வாய்க்குள்ள, தொப்பிக்குள்ள, சட்டைக்குள்ள எண்டு ஒளிக்கினம். அம்மா திரும்பி வந்து பாக்கிறா, பெல்ற் துப்பரவா இருக்கு, ஆகா நல்லாச் செய்யிறியள் எண்டு சொல்லி இன்னும் வேகமா விடச் சொல்லுறா. பொறி அதுதான். கள்ளமா ஒளிச்சதுக்குப் பரிசு கிடைக்குது, அந்தப் பரிசே தண்டனையா வருது. உலகத்தில எந்த வேலைத்தலத்தில நிண்டவருக்கும் இது விளங்கும், நெல்லு அள்ளினவருக்கும் விளங்கும், காமன்ற்ஸ் தையல் ஃபக்டரியில நிக்கிற பிள்ளையளுக்கு இன்னும் வடிவா விளங்கும்.

நாங்கள் சொக்லேற்றுக்குப் பதிலா எள்ளுருண்டை போட்டம். அதுவும் கடதாசியில சுத்திறதுதானே. பெல்ற் செய்யிற விதம் இதுதான்: பள்ளிக்கூட மேசை ரெண்டை நீட்டுக்கு ஒட்டிப் போடுங்கோ, ரெண்டு தலைப்பிலயும் தண்ணிக் குழாய்த் துண்டு ஒவ்வொண்டு குறுக்கால கட்டுங்கோ, இறுக்கிக் கட்டாமல் சுத்தக்கூடிய மாதிரி. பழைய நூல் சீலை ஒண்டை நீட்டுக்கு மடிச்சு, மேசைக்கு மேலால கொண்டுபோய்க் கீழால எடுத்து ரெண்டு தலைப்பையும் சேர்த்துத் தையுங்கோ, வழுக்கிற சீலை சரிவராது. மேசைக்குக் கீழ ஒரு பெடியன் குந்தியிருந்து கீழ்ப்பக்கச் சீலையைக் கையால இழுத்தால் மேல்பக்கம் நகரும். முன்பக்கத்தை ஒரு படங்கால மறையுங்கோ. வேகத்துக்குக் கணக்கு வேணும், முதல் மூண்டு எண்ணி ஒரு உருண்டை, பிறகு ஒண்டு எண்ணி ஒரு உருண்டை, கடைசியில சுளகோட கவிட்டுக் கொட்டுறதுதான்.

உருண்டை அவ்வளவும் உண்மையானது வேண்டாம். எள்ளுருண்டையை வாய் நிறைய அடைஞ்சு போட்டு ஒருத்தி மேடையில சிரிக்க வெளிக்கிட்டால் புரைக்கேறும், பெரிய கரைச்சல். வாய்க்குள்ள போறதுக்கு பாணை சக்கரைத் தண்ணியில நனைச்சு உருட்டி எள்ளில பிரட்டின உருண்டை அஞ்சாறு, மற்றதெல்லாம் பேப்பர் உருண்டை.

இன்னொரு விசயம். அதே பாகத்தில லூசிக்குப் பக்கத்தில இருந்து சொக்லேற் தோய்க்கிற பொம்பிளை நடிகை இல்லை, உண்மையாவே அந்தத் தொழில் செய்தவா. முகத்தில ஒரு அசைவு இல்லை, லூசி இலையானுக்கு அடிக்கிறன் எண்டு அவவின்ர முகத்தில சொக்லேற்றோட அறைய, அவ திருப்பிப் போட்டாவே ஒரு அறை, அப்பயும் அதே முகம். நாங்களும் அதைப் பாத்து ஊரில உண்மையா எள்ளுருண்டை செய்து விக்கிற அக்கா ஒராளைக் கூப்பிட்டு நடுவில இருத்தினம். நடிக்க வேண்டாம் அக்கா, வீட்டில செய்யிற மாதிரி உருட்டுங்கோ எண்டு மட்டும் சொன்னது. சனம் லூசியை விட அவவைப் பாத்துத்தான் சிரிச்சது.

முதல் தரம் போடேக்க மூண்டாவது வேகத்தில சீலை குழாயில சிக்கிக் கிழிஞ்சு போச்சு, பெல்ற் நிண்டிட்டுது. நான் திரைக்குப் பின்னால தலையில கை வச்சுக்கொண்டு நிக்கிறன், அந்த அக்கா உருட்டிறதை நிப்பாட்டாமல் "கறன்ற் போட்டுது" எண்டாவே, அவ்வளவுதான். இப்ப ஒவ்வொரு முறையும் வேணுமெண்டே நிப்பாட்டிறம்.

அடுத்தது ரொனிக் விளம்பரம், 1952 மே மாசம் போனது. லூசி ரீவி விளம்பரத்தில வாயில நுழையாத பேரோட ஒரு ரொனிக்கை விக்கிறா, ஒத்திகை ஒவ்வொண்டுக்கும் ஒரு கரண்டி குடிக்கவேணும், அதுக்குள்ள 23 வீதம் அல்ககோல் இருக்கிறது அவவுக்குத் தெரியாது. எங்களுக்கு இது வெல்லம் மாதிரி, ஏனெண்டால் அரிட்டம் இருக்கு, புளிக்க வச்ச நாட்டுமருந்து, அதிலயும் அல்ககோல் இருக்கும். பேரை மட்டும் ல, ர, ழ மூண்டும் முட்டுப்படுற மாதிரிக் கட்டுங்கோ. எங்கட மருந்து "வல்லாரை வாழைப்பூ வில்வக்கொழுந்து அரிட்டம்". முதல் கரண்டிக்கு வடிவாச் சொல்லுறா. ரெண்டாம் கரண்டிக்கு "வல்லாழை வாரைப்பூ". நாலாம் கரண்டிக்கு "வில்லாரை வாழைக்கொழுப்பு அரிட்டம்", அதை எடுக்கிற டைரக்டர் "ஆருக்கடி கொழுப்பு?" எண்டு கேக்க அவ அழத் தொடங்கிறா. கவனம், நடிக்கிற பிள்ளை வெறிகாரர் மாதிரித் தள்ளாடக் கூடாது. உண்மையா வெறிச்ச ஆள் எப்பவும் நேரா நிக்கத்தான் பாக்கும். தான் வலு நிதானமா நிக்கிறன் எண்டு காட்டப் பாடுபடவேணும், பகிடி அங்கதான். குடி கெடுத்த வீடு ஊரில இருக்கு, ஆம்பிளை வெறியைப் பகிடியாக்கினால் அந்த வீட்டுச் சனம் முன்னுக்கு இருந்து என்னெண்டு சிரிக்கிறது, அதால இந்தப் பாத்திரத்தை ஒண்டும் அறியாத ஒரு பிள்ளைக்குத்தான் குடுக்கிறன்.

வசனத்திலயே நிக்கிற பகிடிக்கு அம்மம்மா சோதனை சரிவராது, அதுக்கு வேற வழி. அபொட், கொஸ்ரெல்லோ எண்டு ரெண்டு பேர், அவையின்ர ரீவி நிகழ்ச்சி 1952 தொடக்கம் 1954 வரைக்கும் 52 பாகம். அவையின்ர பேர்போன துண்டு பேஸ்போல் ரீமைப் பற்றினது, முதலாவது ஆளின்ர பேர் "ஆர்", ரெண்டாவது ஆளின்ர பேர் "என்ன", மூண்டாவது ஆள் "எனக்குத் தெரியாது". ஒராள் கேள்வி கேக்குது, மற்ற ஆள் மறுமொழி சொல்லுது, ரெண்டு பேர் சொல்லுறதும் சரி, ரெண்டு பேருக்கும் விசர் வருது. பேஸ்போல் இஞ்ச ஆருக்கு விளங்கும். ஆனா வன்னியில ஊர்ப்பேர் இருக்கே. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போற பஸ்ஸை மேடையில விடுங்கோ, நாலு வாங்கு, ஒரு கொண்டக்டர்.

"எங்கயப்பா இறங்கிறாய்?"
"தண்ணீரூத்து."
கொண்டக்டர் போத்திலை எடுத்துத் தலையில ஊத்துறார்.
"ஐயோ அண்ணை, ஏன் ஊத்துறியள்?"
"நீதானே ஊத்தச் சொன்னனீ!"
பின்னுக்கு இருந்து ஆச்சி: "தம்பி, கொக்குத்தொடுவாய்."
"நான் ஏன் ஆச்சி கொக்கைத் தொடப்போறன், ரிக்கெற்றை எடணை."
ஆச்சி கோவிக்காமல் ஒரு பார்சலை நீட்டுறா. கொண்டக்டர் ஒரு கடி கடிச்சுப்போட்டு, "நல்ல ரொட்டி, ஆர் சுட்டது?"
அடுத்த வாங்கில இருக்கிறவர் தன்னைக் கேக்கிறார் எண்டு நினைச்சு: "ஒட்டுசுட்டான்."
"ஆரவன் ஒட்டு?"

கொக்குத்தொடுவாய்க்குப் போறவை முல்லைத்தீவில இறங்கி மாறவேணும், ஆச்சிக்கு அது தெரியும், நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கொண்டக்டருக்கு உண்மையாவே கோவம் வரவேணும், கண்ணடிச்சுக்கொண்டு செய்தால் பகிடி செத்துப்போகும்.

"ஹனிமூனர்ஸ்" நிகழ்ச்சியில ரால்ஃப் எண்ட ஒரு பஸ் டிரைவர், பாட்டுகளைப் பற்றிக் கேள்வி கேக்கிற போட்டிக்கு ஆயத்தப்படுத்திறார், பக்கத்து வீட்டு நோட்டன் பியானோ வாசிச்சுப் பழக்கிறார், ஆனா ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அந்தாள் ஒரே மெட்டைத்தான் வாசிச்சுக் கை சூடாக்கும். போட்டியில முதல் கேள்வியே அந்த மெட்டை ஆர் எழுதினது எண்டது, ரால்ஃப் முழுசிப்போட்டு நோட்டன்ர பேரைச் சொல்லுறார். நாங்கள் தேவாரப் போட்டியாக்கினம், ஆர்மோனியக்காரர் எப்பவும் "தோடுடைய செவியன்" வாசிச்சுப்போட்டுத்தான் மற்றதுக்குப் போவார், சம்பந்தர் பேரைச் சொல்லவேண்டிய இடத்தில பெடியன் ஆர்மோனியக்காரர் பேரைச் சொல்லுவான். கோயில் ஐயரிட்ட முதலே ஒரு சொல்லுக் கேட்டு வையுங்கோ, எங்கட ஐயர் விழுந்து விழுந்து சிரிச்சவர்.

இனி விருந்தாளி. 1955 பெப்ரவரியில நடிகர் வில்லியம் ஹோல்டன் லூசியின்ர நிகழ்ச்சிக்கு வந்தவர். சாப்பாட்டுக் கடையில லூசி அவரைத் திரும்பித் திரும்பி முழுசிப் பாக்க, அவர் திரும்பி இருந்துகொண்டு லூசி ஸ்பகெற்றி சாப்பிடுறதை முழுசிப் பாக்கிறார், எதெல் கத்திரிக்கோலை எடுத்து வாயில தொங்கிறதை வெட்டிவிடுறா. ஊரில விருந்தாளி எண்டால் மாலை, பொன்னாடை, அரை மணித்தியாலப் பேச்சு. அதை விட்டுப்போட்டு அவரை நாடகத்துக்குள்ள இறக்குங்கோ. நாங்கள் பிடிச்சது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒராளை, எங்களில பாதிப்பேர் அவரிட்ட அடி வாங்கினது. பழைய மாணவன் கடையில நூடில்ஸ் சாப்பிடுறான், சேர் வந்து முன்னால இருந்து பேசாமல் பாக்கிறார், அவ்வளவுதான். விருந்தாளிக்கு ஒரு வசனத்துக்கு மேல குடுக்காதேங்கோ, நாலு நிமிசத்துக்கு மேல வச்சிருக்காதேங்கோ, கடைசியில வெல்லுறது அவராத்தான் இருக்கவேணும். சேரின்ர வசனம்: "பதினாலாம் வாய்ப்பாடு சொல்லிப்போட்டு விழுங்கு."

பேசப் பயப்படுற விருந்தாளி எண்டால் கண்ணாடி விளையாட்டு நல்லது. 1955 மே மாசம், பேசாமலே நடிக்கிற பகிடிக்காரர் ஹார்ப்போ மார்க்ஸ் லூசியோட செய்தவர், அவர் வேசத்திலயே லூசியும் நிப்பா, நடுவில வெறும் கதவு நிலை, ஒராள் செய்யிறதை மற்ற ஆள் கண்ணாடி மாதிரிச் செய்யவேணும். ரெண்டு பேருக்கும் ஒரே சாரம், ஒரே சால்வை, ஒரே குடை. முதல்ல செய்யிற ஆள் தண்ணிக்குள்ள நடக்கிற வேகத்தில அசையவேணும், கண்ணைப் பாக்காமல் நெஞ்சைப் பாக்கவேணும், அப்பதான் கையும் காலும் ஒண்டா வரும். ரெண்டு கிழமை பழகாமல் ஏத்த வேண்டாம்.

ஒண்டு மட்டும் கவனமாச் சொல்லுறன். 1954 ஏப்ரலில "யுவர் ஷோ ஒஃப் ஷோஸ்" நிகழ்ச்சியில சிட் சீசர் செய்த துண்டு ஒண்டு இருக்கு, சபையில சும்மா இருந்த ஆளை மேடைக்கு இழுத்து வந்து உன்ர வாழ்க்கை இது எண்டு பழைய சொந்தங்களை ஒவ்வொருத்தராக் கொண்டுவருவினம், ஹவார்ட் மொரிஸ் எண்ட சின்ன மனுசன் மாமாவா வந்து கட்டிப்பிடிச்சு அழுது, கடைசியில காலில தொங்கிக்கொண்டு விடவே மாட்டார். பாக்க வயிறு நோகும். அதை அப்பிடியே போட்டன், கன வருசம் காணாத தம்பி திரும்பி வாறான் எண்டு. முதல் கட்டிப்பிடியிலயே பின்வரிசையில ஒரு அம்மா எழும்பி வெளியில போனா. இஞ்ச திரும்பி வராத தம்பியள் கனபேர், நான் அதை யோசிக்காமல் விட்டது பிழை. அடுத்த முறை தம்பியைத் தூக்கிப்போட்டு கனடாவில இருந்து காணி உறுதி கேட்டு வாற சித்தப்பா எண்டு மாத்தினன், காலில தொங்கிறது அதே தொங்கல், அந்த அம்மாவும் இருந்து பாத்தவா.

ஒத்திகையில எல்லாருக்கும் பேசாமல் நிக்கப் பழக்குங்கோ. ஜக் பெனி எண்ட கஞ்சன் வேசக்காரரிட்ட 1948இல ரேடியோவில கள்ளன் கேக்கிறான், காசோ உயிரோ எண்டு. மனுசன் பேசாமல் நிக்கிறார். கள்ளன் திருப்பிக் கேக்க, "யோசிச்சுக்கொண்டிருக்கிறன்!" எண்டார். அந்த நிக்கிற நேரத்தில மைக்கைத் தட்டிப் பாக்கிற சவுண்ட்காரரை முதலே தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிடுங்கோ.

முடிஞ்ச உடன மேசைக்குக் கீழ இருக்கிற பெடியனை வெளியில எடுங்கோ, ஒருக்கா மறந்துபோய் அவன் அடுத்த நடனம் முடியும் மட்டும் உள்ளுக்க கிடந்தவன். உண்மையான உருண்டையையும் பேப்பர் உருண்டையையும் வேற வேற சட்டியில பிரிச்சு வையுங்கோ, ஏனெண்டால் சுத்தின பிறகு ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், போன முறை விதானையாருக்கு நாங்கள் தட்டில வச்சுக் குடுத்தது பேப்பர்.